லியாஹ், லெந்யெல், பொலாக்: ஒரே மக்களுக்கு எப்படி இத்தனை பெயர்?

போலந்தின் பழங்கதையை இணையத்தில் கொஞ்சம் துழாவினால் மூன்று வகை ஆட்கள் அகப்படுவார்கள். முதல் ஆள், "போலந்தின் உண்மைப் பெயர் லெஹியா. கிறிஸ்துவுக்கு முன்பே அது பெரிய பேரரசு. வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து மறைத்துவிட்டார்கள்" என்பார். இரண்டாம் ஆள், பழைய ருஷ்யக் கதைகளில் வாளோடு வரும் 'லியாஹ்'கள் வேறு, போலந்துக்காரர்கள் வேறு என்று அடித்துச் சொல்வார். மூன்றாமவர் ஒருபடி மேலே போய், கீவ் நகரமே போலந்துக்காரர்களுடையதுதான், இரண்டு இடத்திலும் 'பொலானியர்' என்ற பெயர் இருப்பதைப் பாருங்கள் என்பார்.

மூன்றும் தவறு. ஆனால் மூன்றிலும் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. அதனால்தான் இவை சாகாமல் உலவுகின்றன. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் அவ்வளவு சிக்கலில்லை. ஐரோப்பிய வரலாறோ மொழியியலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு தெருவுக்கும் வாசல் உள்ள வீடு

கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் வீடு அது. இரண்டு பக்கமும் வாசல். கீழத்தெருப் பக்கம் மாட்டுக்கொட்டகை. அண்ணன் விடிகாலையில் அங்கே நின்று பால் ஊற்றுவார். மேலத்தெருத் திண்ணையில் தம்பி தையல் மிஷின் போட்டிருக்கிறார். கீழத்தெருவில் கேட்டால் அது 'பால்காரர் வீடு'. மேலத்தெருவில் கேட்டால் 'டெய்லர் வீடு'. வெளியூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் எந்தத் தெரு வழியாக நுழைந்தாரோ அந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பார். ஊர் திரும்பிய பிறகும் அதையேதான் சொல்வார். இருபது வருஷம் கழித்து மாடுகளை விற்றாயிற்று, தையல் மிஷின் பரணில் கிடக்கிறது. பெயர்கள் மட்டும் போகவில்லை.

போலந்து அப்படிப்பட்ட வீடு. மேற்கு வாசலுக்கு எதிரே ஜெர்மானியர்களும், லத்தீனில் எழுதிய பாதிரிமார்களும் இருந்தார்கள். கிழக்கு வாசலுக்கு எதிரே 'ருஸ்' இருந்தது. ருஸ் என்றால் இன்றைய ருஷ்யா அல்ல. கீவைத் தலைநகராகக் கொண்ட பழைய அரசு. உக்ரேனியர், பெலாருசியர், ருஷ்யர் மூவரும் தங்கள் தொடக்கத்தை அங்கேதான் காட்டுவார்கள். இந்த இரண்டு தெருவும் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் வைத்தன.

ஒரு மக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயரை அகப்பெயர் என்போம். அடுத்தவர் வைத்த பெயர் புறப்பெயர். இது நமக்கும் நடந்ததுதான். நாம் தமிழர் என்கிறோம். கேரளத்தில் நம்மைப் 'பாண்டி' என்பார்கள். மலையைத் தாண்டியதும் அவர்கள் கால் வைப்பது பாண்டி நாட்டில். கால் பட்ட இடத்தின் பெயர் சென்னைக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லில் இன்று லேசான ஏளனமும் கலந்திருக்கிறது. அந்த ஏளனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பா முழுக்க இதே கதை. லாட்வியர்கள் ருஷ்யாவைக் 'க்ரியெவியா' என்கிறார்கள். காரணம், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்லாவியக் கூட்டத்தின் பெயர் கிரிவிச்சி. பின்லாந்துக்காரர்களுக்கு ஜெர்மனி 'சாக்ஸா', அதாவது சாக்சன்களின் நாடு. போலந்துக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஜெர்மானியரை அவர்கள் 'நியெம்ட்ஸி' என்பார்கள். பேசத் தெரியாத ஊமைகள் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். இத்தாலியை 'வ்வோஹி' என்பார்கள். அதன் வேரைத் தேடிப் போனால் இத்தாலியரே இல்லாத ஒரு பழைய கெல்டியக் கூட்டத்தில் போய் முடியும்.

ஆக, எந்த ஊர்க்காரரும் அண்டை நாட்டு மக்களைக் கணக்கெடுத்துப் பெயர் வைப்பதில்லை. வாசலில் முதலில் கண்ணில் பட்டவர் பெயரே வீட்டின் பெயர்.

மேற்கு வாசலில் வயல்காரர்கள்

போலிஷ் மொழியில் 'போலே' என்றால் வயல், வெளி. இன்றும் அன்றாடம் புழங்கும் சொல்தான். கால்பந்து வர்ணனையில்கூட பெனால்டி கட்டத்தைப் 'போலே கார்னே' என்பார்கள், தண்டனை வயல்! இந்தப் 'போலே'யில் வாழ்கிறவர்கள் 'பொலானியே', நம் வசதிக்குப் பொலானியர் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்தே இன்று ஒரு போலந்துக்காரர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் 'பொலாக்' வந்தது.

நாட்டின் பெயரான 'பொல்ஸ்கா' உண்மையில் பெயர்ச்சொல்லே அல்ல, ஒரு பெயரடை. 'பொல்ஸ்கா' என்று சொல்லிப் பின்னால் 'நிலம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதை விழுங்கிவிட்டார்கள். நாம் 'பச்சை சேலை கட்டியிருந்தாள்' என்பதைப் 'பச்சையில் இருந்தாள்' என்று சுருக்குவதுபோல.

இந்த வயல்காரர்கள் இருந்த இடம் இன்றைய மேற்கு போலந்து. க்னியெஸ்னோ, போஸ்னான் என்ற இரண்டு ஊர்கள், நடுவே லெத்னிட்சா என்ற ஏரி, ஏரிக்குள் ஒரு தீவு. அந்தத் தீவில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்மாளிகையின் அடிச்சுவர்களை இன்றும் பார்க்கலாம். இங்கிருந்து கிளம்பிய மியெஷ்கோ என்ற தலைவர் 966-ல் ஞானஸ்நானம் பெற்றார். போலந்து அரசின் தொடக்கமாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருவது அந்த ஆண்டைத்தான். அவர் மகன் பொலெஸ்வாவ் காலத்தில், சுமார் 1000-ஆம் ஆண்டில், லத்தீன் எழுத்துகளிலும் அவருடைய வெள்ளி நாணயத்திலும் பொலானியர், பொலோனியா என்ற பெயர்கள் தலைகாட்டுகின்றன.

இந்த 'தலைகாட்டுகின்றன' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். அதற்கு முந்தைய சான்றுகளில் இந்தக் கூட்டத்துக்குப் பொலானியர் என்ற பெயரே இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் பவேரியாவைச் சேர்ந்த ஒருவர் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே இருந்த மக்களையெல்லாம் பட்டியல் போட்டார். விஸ்துலா ஆற்றங்கரையினர் இருக்கிறார்கள், கோப்வோ ஏரிக்காரர்கள் இருக்கிறார்கள், ஷ்லென்ஷா மலைப்பக்கத்தார் இருக்கிறார்கள். பொலானியர் இல்லை. சாக்சனித் துறவி விதுகிண்ட் மியெஷ்கோவைப் பற்றியே எழுதுகிறார், ஆனால் அவர் ஆண்ட மக்களை 'லிசிகாவிகி' என்கிறார். அதனால் சில வரலாற்றாசிரியர்கள், பொலானியர் என்ற பழங்குடி முதலில் இருந்து பிறகு அரசை உண்டாக்கவில்லை. அரசு உண்டான பிறகே அந்தப் பெயர் பரவியது என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆயிரம் ஆண்டாகப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயர் என்பதற்காக அது இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் ஆகிவிடாது.

மேற்குத் தெரு இந்தப் பெயரையே உலகெங்கும் கொண்டுபோனது. ஜெர்மனில் 'போலென்', லத்தீனில் 'பொலோனியா', நம் கைக்கு வந்தபோது 'போலந்து'. 1898-ல் மேரி கியூரியும் அவர் கணவரும் கண்டுபிடித்த தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார்கள். அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1795-க்குள் அதைக் கூறுபோட்டு முடித்திருந்தன. தனிம அட்டவணையின் 84-ஆம் கட்டத்தில் நாட்டுக்கு முன்பே பெயர் திரும்பி வந்தது.

கீவிலும் வயல்காரர்கள்

இங்கேதான் நம் மூன்றாம் ஆள் வழுக்குகிறார். கீவைச் சுற்றி வாழ்ந்த ஒரு கூட்டத்துக்கும் பொலானியர் என்றே பெயர், ருஸ் உச்சரிப்பில் 'பொல்யானே'. 1110-களில் கீவில் தொகுக்கப்பட்ட ஆண்டுக்குறிப்பு நூல், நெஸ்தர் என்ற துறவியின் பெயரில் வழங்குவது, இந்த இரண்டு பொலானியரையும் குறிப்பிடுகிறது, தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. கீவின் பொல்யானேக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் 'தெரெவ்லியானே', மரங்களுக்கிடையே வாழ்ந்தவர்கள். அதாவது வயல்காரரும் காட்டுக்காரரும்.

ஸ்லாவியர்கள் கூட்டங்களுக்குப் பெயர் வைத்த விதமே அப்படி. 'மோஷே' என்றால் கடல், கடலோரத்தார் 'பொமோஷானியே'. ஆற்றோரத்தார், ஏரிக்கரையார், மலையடிவாரத்தார் என்று நிலத்தைப் பார்த்தே பெயர். திணை படித்த நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மருதநிலத்துக்காரர் என்று தஞ்சையிலும் ஒரு கூட்டம், தாமிரபரணிக் கரையிலும் ஒரு கூட்டம் இருந்தால் இருவரும் ஒரே வம்சம் என்றா முடிவு கட்டுவோம்? வயல் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வயல்காரர் உண்டு.

கிழக்கு வாசலில் தரிசுக்காரர்கள்

இப்போது மறுபக்கம். இன்றைய தென்கிழக்கு போலந்திலும் அதை ஒட்டிய மேற்கு உக்ரைனிலும், மேல் விஸ்துலாவுக்கும் பூக் ஆற்றுக்கும் இடையே, லென்ஜானியர் என்றொரு கூட்டம் இருந்தது. அந்த பவேரியப் பட்டியலில் இவர்கள் இருக்கிறார்கள்; 98 கோட்டைகள் இவர்களுக்கு உண்டு என்று கணக்கே கொடுத்திருக்கிறார் பட்டியல்காரர். சுமார் 950-ல் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக எழுதிய அரசியல் கையேட்டில், ருஸுக்குக் கப்பம் கட்டுபவர்கள் வரிசையில் 'லென்ஸனேனோய்' என்று கிரேக்கத்தில் வருவதும் இவர்களே.

பெயரின் வேர் 'லெந்த்'. பழைய ஸ்லாவிய மொழியில் அது உழாமல் கிடந்த நிலம், தரிசு. காட்டை வெட்டி எரித்து முதல் உழவு போட வேண்டிய மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே உழுத வயல்காரர்கள், கிழக்கே தரிசைத் திருத்தியவர்கள். இந்தப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல். இன்னொரு விந்தையும் உண்டு: ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் நிலத்தைக் குறிக்கும் 'லாண்ட்', இந்த 'லெந்த்' இரண்டும் ஒரே ஆதி வேரின் கிளைகள் என்பது மொழியறிஞர்கள் கருத்து. நாம் சொல்லும் 'போலந்து' என்ற பெயரின் வாலிலும் அந்த 'லந்து' தொங்கிக்கொண்டிருக்கிறது.

ருஸ்காரர்கள் மேற்கே திரும்பிப் பார்த்தால் முதலில் தெரிந்தது இந்த லென்ஜானியர்தான். விஸ்துலாவுக்கு அப்பால் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கவலைப்படவில்லை. முதலில் பார்த்தவர் பெயரை எல்லோருக்கும் வைத்தார்கள். நெஸ்தரின் நூல் அதை அப்படியே வரிசைப்படுத்துகிறது: விஸ்துலாக் கரையில் குடியேறியவர்கள் லியாஹ்கள், அந்த லியாஹ்களில் சிலர் பொலானியர், சிலர் லுத்திச்சி, சிலர் மசோவ்ஷானியே, சிலர் கடலோரத்தார். ஒரு கூட்டத்தின் பெயர் அதற்குள் குடையாக விரிந்துவிட்டது. மேற்கே அரசாண்ட பொலானியரே இப்போது லியாஹ்களில் ஒரு பிரிவு! அதே நூலில் 981-ஆம் ஆண்டின் கீழ், கீவின் அரசர் விளாதிமிர் லியாஹ்கள் மேல் படையெடுத்துப் பெரெமிஷ்ல், செர்வென் முதலிய ஊர்களைப் பிடித்தார் என்று இருக்கிறது. பெரெமிஷ்ல்தான் இன்றைய போலந்தின் எல்லை நகரமான ப்ஷெமிஷ்ல்.

இதுவரை வந்ததைச் சுருட்டிச் சொன்னால்: மேற்கு வாசலில் பொலானியர், அதிலிருந்து போலந்து. கிழக்கு வாசலில் லென்ஜானியர், அதிலிருந்து லியாஹ். இரண்டும் ஒரே வீட்டின் பெயர்கள். 'லென்ஜானியர்' எப்படி 'லியாஹ்' ஆகும் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான்.

சுப்பிரமணியன் சுப்பு ஆன கதை

முதல் மாற்றம் எளிது. நீளமான பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. சுப்பிரமணியன் சுப்பு ஆகிறார், இல்லாவிட்டால் மணி ஆகிறார். ஸ்லாவிய மொழிகளில் பெயரின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, வாலில் ஒரு 'ஹ்' ஒட்டிச் செல்லப்பெயர் செய்வார்கள். போலிஷில் ஸ்தானிஸ்வாவ் என்பவரை வீட்டில் 'ஸ்தாஹ்' என்பார்கள். அதே அச்சில் லென்ஜானியனைச் சுருக்கினால் 'லெ(ன்)ஹ்'.

இரண்டாவது மாற்றத்துக்கு மூக்கு வேண்டும். "மரம்" என்று சாதாரணமாகப் பேசும்போது சொல்லிப்பாருங்கள். எழுத்தில் மகர மெய் இருக்கிறது, ஆனால் பேச்சில் உதடு மூடுவதில்லை. கடைசி உயிரொலி மூக்கு வழியே கசிகிறது. "அவன் வந்தான்" என்பதிலும் அப்படியே. இப்படி மூக்கில் ஒலிக்கும் உயிரை மூக்குயிர் என்று சொல்லலாம். பழைய ஸ்லாவிய மொழியில் எகரத்துக்கு இப்படி ஒரு மூக்குயிர் இருந்தது. நான் அடைப்புக்குறிக்குள் போட்ட 'ன்' அதுதான்.

போலிஷ் இன்றுவரை மூக்குயிரை விடவில்லை. ருஸ் பக்கம் அது 10-ஆம் நூற்றாண்டுவாக்கில் மறைந்து 'யா' ஆகிவிட்டது. இதற்குச் சாட்சி அன்றாடச் சொற்களே. ஐந்து என்பது போலிஷில் 'பியெஞ்ச்', ருஷ்யனில் 'பியாத்'. இறைச்சி அங்கே 'மியென்சோ', இங்கே 'மியாசா'. எங்கே போலிஷில் 'என்' கேட்கிறதோ, அங்கே ருஷ்யனில் 'யா'. இந்தச் சூத்திரத்தை 'லெ(ன்)ஹ்' மேல் போடுங்கள். 'லியாஹ்' வந்துவிட்டது.

இரண்டாம் ஆளுக்குப் பதிலும் அதிலேயே வந்துவிட்டது. லியாஹ் என்றால் போலந்துக்காரர். கிழக்குத் தெரு உச்சரிப்பில்.

பெயர் போன ஊர்கள்

மூக்கொலி இன்னும் மறையாத காலத்திலேயே சிலர் இந்தப் பெயரைக் கடன் வாங்கிப் போய்விட்டார்கள். ஹங்கேரியனில் போலந்துக்காரர் 'லெந்யெல்', நாடு 'லெந்யெலோர்ஸாக்'. லிதுவேனியனில் 'லென்காஸ்', நாடு 'லென்கியா'. இரண்டிலும் அந்தப் பழைய 'ன்' அழியாமல் இருக்கிறது. ருஸ்காரர் தொலைத்ததை அண்டை வீட்டார் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததுபோல. பிற்காலத்தில் தெற்கே போன பெயரில் மூக்கொலி இல்லை: உஸ்மானியத் துருக்கியில் 'லெஹிஸ்தான்', ஆர்மேனியனில் 'லெஹாஸ்தான்', பாரசீகத்தில் 'லஹெஸ்தான்'. இன்றைய துருக்கியர் 'பொலோன்யா'வுக்கு மாறிவிட்டார்கள். ஈரானியரும் ஆர்மேனியரும் மாறவில்லை.

ஹங்கேரியருக்கும் போலந்துக்காரருக்கும் பழைய சிநேகம். அதைப் பற்றி ஒரு சொலவடை இரு மொழியிலும் உண்டு. போலிஷில், "பொலாக், வெங்கியெர் (ஹங்கேரியர்) இருவரும் அண்ணன் தம்பி, வாளுக்கும் சரி, கோப்பைக்கும் சரி" என்று வரும். ஹங்கேரியனில் "லெந்யெல், மொஜோர், இரண்டு நல்ல நண்பர்கள்" என்று தொடங்கும்; மொஜோர் என்பது ஹங்கேரியரின் அகப்பெயர். ஒரே சிநேகத்தைப் பற்றிய ஒரே சொலவடை. ஆனால் ஒரு பெயர்கூட ஒத்துவரவில்லை. கூடிக் குடிக்கும்போதும் ஒருவரை ஒருவர் புறப்பெயரில்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

லெஹ் என்று ஒருவர் இருந்தாரா?

போலந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. லெஹ், செஹ், ருஸ் என்று மூன்று சகோதரர்கள். குடியேற நிலம் தேடிப் புறப்பட்டார்கள். செஹ் தெற்கே போய் செக் நாட்டை உண்டாக்கினார், ருஸ் கிழக்கே போனார். லெஹ் ஓர் உயரமான மரத்தில் வெள்ளைக் கழுகின் கூட்டைக் கண்டார். இதுதான் நம் இடம் என்று அங்கேயே தங்கினார். கூட்டுக்குப் போலிஷில் 'க்னியாஸ்தோ', அதனால் ஊர் க்னியெஸ்னோ. நாட்டுச் சின்னத்தில் வெள்ளைக் கழுகு.

கதை அழகு. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். போலந்தில் எழுதப்பட்ட முதல் வரலாற்று நூல் 1110-களில் வந்தது. ஆசிரியர் பெயர் தெரியாததால் அவரைக் காலுஸ் அநோனிமுஸ் என்கிறார்கள். அவர் அரச வம்சத்தின் கதையைப் பியாஸ்த் என்ற உழவரிலிருந்து தொடங்குகிறார். லெஹ் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. சுமார் 1200-ல் வின்ட்சென்டி காத்வூபெக் என்ற பாதிரியார் 'லெஹிதர்' என்று மக்களை அழைக்கிறார். மூன்று சகோதரர் கதை முழு உருவில் வருவது அதற்கும் பிந்தைய ஒரு நூலில். அதாவது லியாஹ் என்ற பெயர் கீவில் எழுத்தில் ஏறி நூறாண்டுக்கும் மேலான பிறகே லெஹ் என்ற தாத்தா பிறக்கிறார். பேரன்கள் முதலில், தாத்தா பிறகு.

இப்படி மக்களின் பெயரிலிருந்து பின்னோக்கி உண்டாக்கப்பட்ட ஆளைப் பெயர்மூதாதை என்பார்கள். கொற்கையில் சேரன், சோழன், பாண்டியன் மூவரும் ஒரு வீட்டு அண்ணன் தம்பிகளாக இருந்தார்கள் என்று நம் பக்கமும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டே, அதே அச்சு. மூன்று நாடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மூன்று அண்ணன் தம்பியைக் கண்டுபிடிக்காமல் மனசு அடங்காது.

கதை பொய்யென்றாலும் பெயர் செத்துவிடவில்லை. போஸ்னானுக்குத் தெற்கே ரோகாலின் என்ற ஊரில் மூன்று கிழட்டு ஓக் மரங்களுக்கு லெஹ், செஹ், ருஸ் என்று பெயர். அதில் பருத்தது ருஸ். அடிமரச் சுற்றளவு 9 மீட்டரைத் தாண்டும். குழந்தைகளுக்கு லெஹ் என்று பெயர் வைக்கிறார்கள். க்தான்ஸ்க் கப்பல்கட்டும் தளத்தின் எலக்ட்ரீஷியன் லெஹ் வவென்சா 1990-ல் நாட்டின் அதிபரானார். போலிஷ், கஷூபியன், அழிந்துபோன பொலாபியன் ஆகியவற்றைச் சேர்த்து மொழியறிஞர்கள் 'லெஹிதிய மொழிகள்' என்பார்கள்.

முதல் ஆள் பிடித்துக்கொண்ட நூலிழை இதுதான். லெஹிதர் என்ற சொல் பழைய நூல்களில் இருக்கிறது. காத்வூபெக் போகிற போக்கில், லெஹிதர்கள் ஜூலியஸ் சீசரை மூன்று தடவை தோற்கடித்ததாகவும், அவர்களுடைய அரசருக்குச் சீசர் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்ததாகவும் எழுதிவைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் 10-ஆம் நூற்றாண்டு நூல் என்று சொல்லி ஒரு போலி வரலாற்றையே தயாரித்தார். 1825-ல் அது அச்சாகி, விரைவிலேயே போலி என்று அம்பலமானது. இன்றைய 'மகா லெஹியா' வீடியோக்களில் வரும் ராஜாக்களின் பட்டியல் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வருகிறது. அந்தப் பெயரில் ஒரு நாணயமோ கல்வெட்டோ எவரும் காட்டியதில்லை.

சுருக்கம் இதுதான். லெஹிதர் என்ற சொல் நிஜம், லெஹ் கதாபாத்திரம், லெஹியாப் பேரரசு கட்டுக்கதை. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டும்போதுதான் குழப்பம்.

எப்போது வசவானது?

நெஸ்தரின் நூலில் லியாஹ் என்பது வெறும் பெயர். பல்கேரியர், ஹங்கேரியர் என்பதுபோல. பகையின் வாடை அதில் ஏறியது பிறகு. உக்ரேன் நிலங்கள் போலந்து ஆட்சிக்குள் வந்தபோது நிலக்கிழார்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர், போலிஷ் பேசுபவர்கள்; உழுபவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். 1610 முதல் 1612 வரை மாஸ்கோவின் கிரெம்ளினிலேயே போலந்துப் படை உட்கார்ந்திருந்தது. 1648-ல் ஹ்மெல்னித்ஸ்கி தலைமையில் உக்ரேன் புல்வெளிப் போர்வீரர்களான கொசாக்குகள் போலந்து ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். இத்தனைக்கும் பிறகு 'லியாஹ்' என்றால் பண்ணையார், மாற்று மதத்தான், எதிரி என்ற மூன்று அர்த்தமும் சேர்ந்து ஒலித்தது. இன்று உக்ரேனியனிலும் ருஷ்யனிலும் சாதாரணமாகச் சொல்ல 'பொல்யாக்' என்ற சொல் இருக்கிறது. ஒருவரை நேருக்கு நேராக லியாஹ் என்றால் அது குத்தல். 'பாண்டி'யை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

போலந்துக்குள் இந்தச் சொல்லின் கதி வேறு. கிழக்கிலிருந்து 'லாஹ்' என்ற உருவில் அது திரும்பி வந்தது. கார்பாத்திய மலைக்காரர்கள் சமவெளியில் இருந்தவர்களை லாஹ் என்றார்கள். நோவி சோன்ச் நகரத்தைச் சுற்றியுள்ள ஒரு கூட்டம் இன்று தங்களையே லாஹ்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, திருவிழாவில் பூவேலை செய்த மேலங்கியோடு ஆடுகிறது. வெற்று மிரட்டலைக் கேலி செய்யப் போலிஷில் "ஸ்த்ராஹி நா லாஹி" என்பார்கள்: லாஹ்களுக்குக் காட்டும் பூச்சாண்டி. அடுத்தவன் ஏளனமாகச் சொன்னதைத் தன் சொலவடையாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

லஹெஸ்தானிகள்

பாரசீகப் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு ஒரு பின்கதை உண்டு.

1939-ல் ஜெர்மனியும் சோவியத்தும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டபின், சோவியத் தன் கைக்கு வந்த கிழக்குப் பகுதியிலிருந்து லட்சக்கணக்கானவர்களைச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தியது. 1941-ல் ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியதும் நிலைமை மாறி, அவர்களில் ஒரு பகுதியினர் விடுவிக்கப்பட்டார்கள். 1942-ல் படைவீரர்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஈரானுக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்கள் காஸ்பியன் கடலைத் தாண்டி இன்று அன்ஸாலி எனப்படும் துறைமுகத்தில் இறங்கினார்கள். பட்டினியும் டைஃபஸ் காய்ச்சலும் கூடவே வந்தன. கரையில் இருந்த ஈரானியர் அவர்களை 'லஹெஸ்தானி' என்றார்கள். பாரசீகத்தில் வேறு பெயர் கிடையாது.

வந்தவர்களில் பலர் மேற்கு உக்ரைன் பக்கத்து ஊர்களிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள். பூக் ஆற்றுப் பக்கம், பழைய செர்வென், ப்ஷெமிஷ்ல் வட்டாரம். அந்த பவேரியர் 98 கோட்டை என்று கணக்குப் போட்ட லென்ஜானியரின் நிலமும் அங்கேதான் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்தக் கிழக்கு வாசலிலிருந்து புறப்பட்டுத் தெருத்தெருவாகக் கைமாறிப் போன பெயர், கடைசித் தெருவில் அந்த வாசல்காரர்களையே வந்து சந்தித்தது. தெஹ்ரானில் தூலாப் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறக்குறைய 2,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் அந்த இடத்தைச் சொல்வது லஹெஸ்தானிகளின் கல்லறை என்றுதான்.